தெற்கு வட்டத்தின் திரை

தெற்குக் கொல்கத்தாவின் செல்போன் அழைப்புகள் தடங்கலில்லாமல் போகின்றனவா என்று கவனிப்பதுதான் சஹானாவின் வேலை. நியூ டவுனில் அலுவலகம். அவள் திரையில் தெற்கு வட்டம் மட்டும் தெரியும். வடக்கு வட்டத்தை வேறொரு கட்டடத்திலிருந்து விக்ரம் பார்த்துக்கொண்டான். ஒருவர் செய்வது மற்றவர் திரையில் தெரியாது.

ஒரு மாலை, கால்பைசாகி என்னும் வங்காளத்துக் கோடைப் புயலில் மரங்கள் சாய்ந்து இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான முக்கியக் கேபிள் அறுந்தது. ஹௌரா வழியாகச் சுற்றிப்போகும் தடம் காலியாகத் தெரியவே, சஹானா அழைப்புகளை அதில் திருப்பினாள். விக்ரமும் அதையேதான் செய்தான். இரண்டு சுமையும் ஒன்றாக விழுந்ததில் அந்தத் தடம் திணறியது. மழையால் வந்த கோளாறு என்று நினைத்துக்கொண்டு அவள் மிச்சத்தையும் அங்கேயே தள்ளினாள். நகரத்தில் பாதிப் பேருக்கு அழைப்பு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாவும் அப்பளமும் வாங்க, தமிழர் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட் போனாள். வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் நடராஜன் புயலன்று மாரடைப்பில் போய்விட்டாராம். அவர் மனைவி அன்னம் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன்மா. லைனே கிடைக்கல. பக்கத்துக் கடை வங்காளி அண்ணன் டாக்சி பிடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

சஹானா எதுவும் வாங்காமல் திரும்பினாள். மறுவாரம், விக்ரமும் அதே தடத்தில் திருப்பியது தெரியவந்த பிறகு, மறுபடி போய் நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்னம் கேட்டாள்:

"அந்தப் பையனும் அதையே செய்யறான்னு தெரிஞ்சிருந்தா?"

"திருப்பியிருக்க மாட்டேன்க்கா."

அன்னம் தலையசைத்தாள். "சரி, கிளம்பு. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

அவரவர் திரையில் தெரிந்ததை வைத்து இருவரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள் என்று விசாரணையில் முடிவானது. இரண்டு வட்டங்களையும் ஒரே திரையில் காட்டுங்கள் என்று சஹானா கேட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் மேலாளர்.

இப்போதெல்லாம் எதைத் திருப்புவதற்கு முன்பும் அவள் விக்ரமைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். சில சமயம் அவன் எடுக்கத் தாமதமாகும், அதுவரை காத்திருக்கிறாள். இந்த வருட மதிப்பீட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள்: முடிவெடுப்பதில் வேகம் போதாது.