செவ்வந்தி பார்த்த வெளிச்சம்

என் மகள் பொழுது சாய்ந்தால் வாசற்படி தடுக்கி விழுவாள். "கண்ணை எங்கடி வச்சுக்கிட்டு நடக்கிற" என்று நானே பலமுறை திட்டியிருக்கிறேன். மதுரையில் கண் டாக்டர் சோதித்துவிட்டு முதலில் கேட்டது, "சொந்தத்துல கல்யாணமா?"

ஆமாம். அம்மாவின் தம்பியைத்தான் கட்டிக்கொண்டேன். நான் பிளஸ் டூ உயிரியல் டீச்சர். நெருங்கிய சொந்தத்தில் மணந்தால் பிள்ளைக்கு என்ன வரலாம் என்று வருஷாவருஷம் போர்டில் கட்டம் போட்டு நடத்துபவள். பூ விளையும் கொல்லை வெளியாளுக்குப் போகக்கூடாது என்று அம்மா சொன்னதும் பாடத்தை மூட்டை கட்டிவிட்டுக் கழுத்தை நீட்டினேன். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மங்கிய ஒளியை வாங்கிக்கொள்ள நம் விழித்திரையில் ரொடாப்சின் என்ற புரதம் இருக்கிறது. அது இருக்கும் செல்களைக் காக்கிற மரபணு ஒன்றில் எனக்கும் மாமாவுக்கும் ஒரே பழுது. ஆளுக்கொரு நல்ல பிரதி இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். அவளுக்கு இரண்டும் பழுது. முதலில் அந்தி போகும், பிறகு பகலும் போகும், மருந்து இல்லை என்றார் டாக்டர்.

மாமா நம்பவில்லை. "வெளிச்சம் பத்தல பிள்ளைக்கு, அம்புட்டுதான்" என்று கொல்லையில் செவ்வந்திப் பாத்தி ஓரம் கம்பம் நட்டுப் பெரிய எல்இடி விளக்கு மாட்டினார். விடியும்வரை எரியும். அந்தியானால் மகளை வரப்பில் நடக்கவிட்டு, "தெரியுதா ஆத்தா?" என்பார். "தெரியுதுப்பா" என்பாள்.

ஐப்பசியில் ஊரெல்லாம் செவ்வந்தி பூத்தது. எங்கள் விளக்கடியில் மட்டும் ஒரு மொட்டு இல்லை, வெறும் தழை. மாமா மருந்தாக வாங்கி அடித்தார். செவ்வந்தி இலையில் பைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது, இரவு நீண்டுவிட்டதா என்று பார்ப்பது அதுதான், இந்த விளக்கால் அதற்கு இரவே வரவில்லை என்று சொன்னேன்.

"செடிக்குக்கூட வெளிச்சம் தெரியுதுல்ல? பூ போனாப் போகுது, லைட்டு இருக்கட்டும்" என்றார்.

அந்த வாரமே ஒருநாள் அந்தியில் கரண்டு போனது. விளக்கு அணைந்து கொல்லை இருண்டது. வரப்பைக் காலால் தடவிக்கொண்டே வந்த மகள், அப்பா இன்னும் கேட்கவில்லையே என்று தானாகவே சொன்னாள்.

"லைட்டு நல்லா தெரியுதுப்பா."

மறுநாளிலிருந்து மாமா விளக்கைப் போட சுவிட்சைத் தொடவில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. அந்தியானால் இப்போதும் கேட்கிறார், அவளும் தெரியுது என்கிறாள். தையில் விளக்கடிப் பாத்தியும் பூத்துவிட்டது.