பறக்காத பிளேனில் ஒரு போட்டோ

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும், மெடிக்கல் பரிசோதனையில் விழுந்துவிடுவோம், ஏஜென்சிக்காரன் காலை வாரிவிடுவான். அதனால் முதல் நாள் வரைக்கும் வழக்கம்போல மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் பையோடு ஏறிவிடுவார்கள். லயத்து வரிசை வீடுகளுக்கு விஷயம் தெரிய வருவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான். விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு போட்டோ இருக்கும். கூட ஒரு வார்த்தை இருக்காது. அதன் பிறகு போன் அணைந்துவிடும். "அவளும் போயிட்டாளா" என்று நாங்கள் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். என் மனைவி குவைத்துக்குப் போனதும் இப்படித்தான். முன்கூட்டியே தெரிந்தவன் நான் ஒருவன் மட்டும்.

இந்த வழக்கத்தை இவ்வளவு விளக்கமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, தேவையான நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பொகவந்தலாவை பஜாரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. முன்பெல்லாம் கல்யாணம், சடங்கு, திருவிழா என்று கழுத்தில் கேமராவோடு ஒவ்வொரு தோட்டமாக அலைவேன். இப்போது ஆளுக்கொரு போன் வந்த பிறகு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. மிச்சமிருப்பது பாஸ்போர்ட் போட்டோதான். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, "ரெண்டு காதும் தெரியட்டும், சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேரை நானே விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நான் மட்டும் ஏறியதில்லை. எங்கள் ஊரில் விமானத்தைப் பார்ப்பதும் அபூர்வம். பனிமூட்டத்துக்கு மேலே சத்தம் மட்டும் போகும். அவள் போன பிறகு அந்தச் சத்தம் கேட்டால் கடை வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பக்கத்து சலூன்காரர் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்.

அவளுடைய பாஸ்போர்ட் போட்டோவையும் நான்தான் எடுத்தேன். சிரிக்காதே என்று அவளுக்கும் சொன்னேன். அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவள் வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கையில் போன் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தோட்டத்துக்கு வெளியே வாங்கிய துண்டு நிலத்தில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்றுதான் போனாள். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் போடவில்லை. இது நடந்தது, அவளுடைய ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வர வேண்டிய மாதம். ஆனால் அந்த வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள்.

"நான் என்னங்க சொல்லட்டும்?" என்று ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

வந்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். கூரைக்கு என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் பெரிய மனிதன் மாதிரி உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வர்ற வெள்ளிக்கெழம பேசி முடிவு பண்ணுவோங்க. அடுத்த நாளே மேடத்துக்குப் பதில் சொல்லணும். நீங்களும் யோசிச்சி வைங்க."

அந்த வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறையாக அமைந்தது. பஜாரே மூடியிருக்கும் நாள். மாலை வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. நல்லவேளையாக ஒரு சாக்கு இருந்தது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் பேனருக்கு விமானப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இணையத்தில் ஆயிரம் படம் கிடைக்கும்தான். நானே போய் எடுத்து வருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பினேன். அட்டனில் பஸ் மாறி, கித்துல்கலை வழியாகக் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து இரத்மலானை விமான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். குளிருக்குப் போட்டுப் போன ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததுமே மலைநாட்டு ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

பெரிய தகரக் கூரைக்குக் கீழே விமானங்களை நெருக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் சத்தமாக மட்டுமே போய்க்கொண்டிருந்தவை இங்கே சத்தமே இல்லாமல் நின்றன. மூக்கு கூரான போர் விமானம் ஒன்றின் வயிற்றுக்கடியில் எண்ணெய் சொட்டுவதற்குத் தட்டு வைத்திருந்தார்கள். பறப்பதை எப்போதோ நிறுத்திய பிறகும் அதற்கு எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஹெலிகாப்டரின் இறக்கைகள் நனைந்த வாழையிலை போலத் தொங்கின. தரையில் படுத்துக்கொண்டு சக்கரங்களை எடுத்தேன். தகடுகளை இணைத்த ஆணித் தலைகளை வரிசை வரிசையாக எடுத்தேன். விமானி அறையின் கண்ணாடி மூடி ஒன்றில் நானும் கேமராவும் தெரிந்ததால் அதை மட்டும் அழித்துவிட்டேன்.

விடுமுறை நாள், கூட்டமான கூட்டம். எந்த விமானத்தைப் பார்த்தாலும் முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்கள் நகரும் வரை பொறுமையாகக் காத்திருந்து, ஆளில்லாத ஒரு நொடியில் எடுத்தேன். தொழில் தந்த பொறுமை அது. திரும்பிப் பார்த்தால், அங்கே வந்திருந்தவர்களில் யாரும் இல்லாத படங்களாக எடுத்தவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லோரும் தங்கள் மனிதர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், விமானம் பின்னால் சும்மா நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. அது பொறாமைதான் என்பது கொஞ்சம் நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கடைசியில் ஒரு பழைய பயணிகள் விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி வைத்தது, வால் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே ஏறிப் பார்க்க விட்டார்கள். வால் பக்கமாக ஏறினால் நடைபாதை மூக்கு வரைக்கும் ஏற்றமாகவே இருந்தது. ஏற்றம் எங்களுக்கு என்ன புதிதா? மற்றவர்கள் இருக்கையைப் பிடித்துப் பிடித்துப் போக, நான் கையை வீசிக்கொண்டு ஏறினேன். நடுவில் ஒரு ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பெல்ட்டைக் கட்டிப் பார்த்தேன். அவளும் இப்படித்தானே கட்டியிருப்பாள், யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அவள் போய் இத்தனை நாளில் அவளுக்கு மிகக் கிட்டே நான் போனது அந்த இருக்கையில்தான்.

காவலுக்கு நின்ற சிங்களவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று சிங்களத்தில் கேட்டு என் போனை நீட்டினேன். போன் திரையில் என் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அதற்கு வைக்கச் சொன்னேன். முகத்துக்கு வைத்தால் ஜன்னல் வெளுத்துப் போகும். போகட்டும், முகம் தெரிந்தால் போதும். அவர் போனைத் தூக்கிப் பிடித்து, "ஹினாவென்ன" என்றார். சிரிக்கச் சொல்கிறார். வாழ்நாள் முழுக்க ஊரையே சிரிக்காதே என்று அதட்டியவனை ஒருவர் சிரிக்கச் சொன்னதும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

படம் அருமையாக வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையும் டியூப் லைட்டும் மறைந்து வெறும் வெள்ளை. யாருக்குக் காட்டுவது? பக்கத்தில் என் மனிதர்கள் யாரும் இல்லை. ஸ்டேட்டஸில் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. காலையிலிருந்து அவளுக்கு அனுப்பவென்று போனிலும் எடுத்துத் தள்ளியதில் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. திரும்புகிற பஸ்ஸில் ஏறுவதற்குள் அணைந்துவிட்டது.

பேசும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். கித்துல்கலைக்கு மேலே மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. பஸ் அங்கேயே நின்றது. சாரதியிடம் போய்ப் போய்க் கேட்டேன். "மண்ண நானா சரிச்சி விட்டேன்?" என்றார். ஒருவழியாக வீடு வந்து போனைச் செருகியதும் அவளுடைய அழைப்புகள் வரிசையாக விழுந்திருந்தன. திருப்பி எடுத்தேன். அவள் போன் அணைந்திருந்தது. இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

காலையில் கதவைத் திறந்தால் எதிர் வீட்டு அக்கா கையில் விறகுக் கட்டையோடு நிற்கிறார்.

"அட, நீங்களா! கள்ளன் பூந்துட்டான்னுல்ல நெனச்சேன். நீங்க போயிட்டீங்கன்னு லயமே பேசுதுங்க."

"எங்கக்கா போனேன்?"

"அதான் பிளேன்ல ஒக்காந்து போட்டோ போட்டிருந்தீங்கள்ல? போனுகூட அணைஞ்சிருந்திச்சி."

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. வார்த்தையில்லாத போட்டோ, ஜன்னலோரம், மேகம் மாதிரி ஒரு வெள்ளை, அணைந்த போன். ஒன்றுகூடக் குறையில்லாமல் எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறேன்.

பஜாரில் நிலைமை இன்னும் மோசம். சலூன்காரர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து, "திருப்பி அனுப்பிட்டாங்களா? மெடிக்கல்லயா விழுந்தீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். அது அருங்காட்சியகம், பறக்காத பிளேன் என்று சொன்னேன். "சரி சரி, வெளிய சொல்ல மாட்டேன்" என்றார். என் கடையை வாடகைக்கு எடுக்கலாமா என்று ஒருவர் அதற்குள் விசாரித்துவிட்டுப் போயிருந்தாராம். நான் போய்விட்டேன் என்று ஊரே நம்பியிருக்கிறது. ஏன் சொல்லாமல் போனான் என்று ஒருவருக்காவது கோபம் வந்ததா என்றால் இல்லை. எல்லோரும் போகிறார்கள், இவனும் போயிருக்கிறான், அவ்வளவுதான். சிரித்துச் சிரித்துக் கதை சொல்லிவிட்டுக் கடைக்குள் வந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அழுகையாக வந்தது.

ஆனால் ஊர் என்ன நினைத்தது என்பது எனக்குப் பெரிதில்லை. அவள் என்ன நினைத்தாள் என்பதுதான் அந்த வாரம் முழுக்க என்னைத் தின்றது. நான் வீட்டில்தான் இருக்கிறேன், அது பழைய விமானம், நீ வந்துவிடு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். போன வாரமே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது கூச்சமில்லாமல் திரும்பத் திரும்ப எழுதினேன். எதையும் அவள் பார்க்கவில்லை. போன் மேடத்தின் அலுமாரிக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீடியோவில் வந்தாள். முகம் மெலிந்திருந்தது. என் செய்திகளைப் படித்துவிட்டாள் என்பது பார்த்ததும் தெரிந்தது. படித்தும் நம்பாதவள் போல, "எங்கங்க இருக்கீங்க?" என்றாள்.

"வீட்லதான்."

"காட்டுங்க."

போனைத் திருப்பிக் காட்டினேன். அடுப்பு, சாமி படம், கதவுக்குப் பின்னால் தொங்கிய அவளுடைய பழைய ஸ்வெட்டர். நானாகவே ஆரம்பித்து, பேனர், போயா, மண்சரிவு என்று மளமளவென்று ஒப்பித்தேன். கடைசியில், "வந்துரு. கூரைய அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியும்விட்டேன்.

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மேடத்துக்கிட்ட சரின்னு சொல்லிட்டேங்க. விசாவும் அடிச்சாச்சி. இன்னும் ரெண்டு வருசம்."

"ஏன்? ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே?"

"நீங்க இங்கதான் வர்றீங்கன்னு நெனச்சேன்." அவள் குரல் இறங்கிப் போயிற்று. "சொல்லாம வந்து நிக்கப் போறீங்கன்னு. நீங்க வர்ற நேரத்துல நான் எப்படிங்க அங்க கெளம்புறது? அதான் சரின்னுட்டேன். இந்த வாரம் பூரா வாசல்ல பெல் அடிச்சா நான்தான் ஓடினேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுப்படியில் ஒழுகுதா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். அவளை மேடம் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் போட்டோவ எனக்கு அனுப்புங்க. ஸ்டேட்டஸ்ல அழிஞ்சி போச்சி."

"அது எதுக்கு இப்ப?"

"அதுல நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. என்னப் பாக்க வர்ற சந்தோசத்துலதான் அப்படிச் சிரிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அனுப்பினேன். சிரிக்கச் சொன்னது அந்தக் காவலர் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.