கிரேக்கக் கப்பலுக்குப் போன மீன்

மீன்பிடிக்கப் போன அந்தோனி அண்ணை திரும்பி வரவில்லை. கடல் ஆளைக் கொண்டுபோனால், உடல் கிடைக்கும்வரை எங்கட திருகோணமலைச் சனம் மீன் வாங்காது. அந்த மீன் எதைத் தின்றதோ என்ற அருவருப்பு.

ஆனால் அவருடைய மனைவி ரோசக்கா அந்தக் கிழமையே தானே தூண்டில் போட்டுப் பிடித்த ஒரு கூடை விளைமீனோடு துறைமுகத்துக்கு வந்தா. நான் அங்கே கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் படகில் வேலை செய்தனான்.

“கிரேக்கக் கப்பலுக்குக் குடு தம்பி. அவங்களுக்குத் தெரியாதுதானே. பிள்ளையள் பட்டினி.”

கப்பல் சமையற்காரன் மீனைச் சுட்டு, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, தேசிக்காய் பிழிந்து எனக்கும் ஒரு தட்டு நீட்டினான். “சாப்பிடு, நெஞ்சுக்கு நல்லது. எங்கள் ஊரில் கிழவர்கள் இதைச் சாப்பிட்டுத்தான் மலை ஏறுகிறார்கள்” என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். மறுத்தால் காரணம் கேட்பான். சொன்னால் கூடை திரும்பி வரும். சாப்பிட்டேன்.

கரையில் ரோசக்கா காத்துக்கொண்டு நின்றா.

“நீயும் சாப்பிட்டனியோ?”

“ஓம் அக்கா.”

“எப்பிடி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“ஓம். பிள்ளையளும் அப்பிடித்தான் சொன்னதுகள்.”

இப்போது வயது போய், எனக்கு நெஞ்சு வருத்தம். டொக்டர் மீன் சாப்பிடச் சொல்கிறார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, பருப்போடு சோறு தின்கிறேன்.