ஆயுத பூசையன்று கொளஞ்சியப்பன் மாற்றிய பெல்ட்

ஒரு நோன்பு மாதத்தில் லால்பேட்டைப் பெரியவர் ஒருவரைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற சவாரி கொளஞ்சியப்பனுக்கு வந்தது. அப்போது அவர் இன்னொருத்தருடைய காரை ஓட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அவர் கட்டியிருப்பது என் தங்கை பொன்னியை. டீ இல்லாமல் அவருக்கு வண்டி நகராது. புதுச்சத்திரத்தில் ஒன்று, ஆலப்பாக்கத்தில் ஒன்று என்று நிறுத்தி நிறுத்திக் குடிப்பார். அன்றைக்கு எந்தக் கடையிலும் நிறுத்தவில்லை. வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடவில்லை.

"தம்பி, எனக்காகப் பாக்காத. எறங்கிப் போயி டீ குடிச்சிட்டு வா" என்றார் பாய்.

"காலையிலேருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்குங்க பாய்" என்றுவிட்டார் இவர்.

சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் பாய் கொடுத்த பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்த பிறகுதான், அந்த வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தது. 

அப்படிப்பட்ட மனுஷன் இரண்டாயிரத்து எட்டில் சொந்தமாக ஒரு பழைய டீசல் இண்டிகா வாங்கினார். நடராஜர் கண் திறந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் சவாரியும் அமைந்தது. விஜயதசமி விடியற்காலையில் ஒரு குடும்பம், கைக்குழந்தைக்கு மொட்டை போடத் திருப்பதி போகிறார்கள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள், எதற்கும் பார்ப்போம் என்று இஞ்சின் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே டைமிங் பெல்ட் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இஞ்சினின் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒன்றுக்கொன்று பிசகாமல் சுற்றுவதற்கு அந்தப் பல்வைத்த ரப்பர் பெல்ட்தான் காவல். ஓடும்போது அறுந்தால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இஞ்சின் போச்சு. முதல் சவாரியிலேயே கைக்குழந்தைக்காரர்களை நடுவழியில் இறக்கிவிட்டவன் என்று பெயர் வந்தால், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கழுவித் துடைத்துப் பூசைக்கு வைக்கிற அவசரத்தில் இருந்தார்கள். பூசையில் வைத்த ஸ்பேனரை விஜயதசமி படையல் முடிந்துதான் தொடுவார்கள். அவர் புதுப் பெல்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டறைகளில் கூடமாட நின்று செய்திருக்கிறார். தனியாக மாற்றியது கிடையாது.

ஆயுத பூசையன்று காலையில் நான் மாலைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டில் போய் இறங்கினேன். பூக்கட்டுவது என் தொழில். வாசலில் காரின் முன்சக்கரம் கழன்று கிடந்தது.

"வா மச்சான், கையில கொஞ்சம் கிரீஸ் பூசிக்க" என்றார்.

"அண்ணே, நீயாவது சொல்லு" என்றாள் பொன்னி. "வெளக்கு வைக்கிறதுக்குள்ள ஸ்பேனரு எல்லாம் கழுவி என் கைக்கு வரணும். இல்லன்னா உன் மச்சானத்தான் தூக்கிப் பூசையில வைப்பேன்."

"வை. எனக்கும் பொரிகடலை படைப்ப இல்ல" என்றார் அவர்.

பேட்டரி ஒயரைக் கழற்றினார். கியரை நியூட்ரலில் விட்டார். கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, இஞ்சின் ஓடுகிற திசையிலேயே கையால் மெல்லத் திருப்பினார். மேல் சக்கரம், டீசல் பம்புச் சக்கரம், கீழ்ச் சக்கரம் மூன்றும் சரியான இடத்துக்கு வந்ததும், பொன்னியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு புள்ளி வைத்தார். அதற்கு நேரே இஞ்சின் உடம்பிலும் ஒன்று.

"இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும் மச்சான். அவ்ளோதான் வித்தை."

பழைய பெல்ட் வெளியே வந்தது. அதை இறுக்கிப் பிடிக்கிற ரோலரை விரலால் சுற்றினார்; கரகரவென்றது, அதுவும் தேய்ந்துபோயிருந்தது. பூசை நாள், கடை பூட்டிவிடுவான் என்று இரண்டு பேரும் ஓடினோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்த நேரத்தில் ரோலரை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

வந்து பார்த்தால் இஞ்சின் பளபளவென்றிருந்தது. மூன்று சக்கரத்திலும் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

கொளஞ்சியப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. "இங்க சுண்ணாம்பு வச்சிருந்தனே?"

"ஒரே அழுக்கு. தொடச்சிட்டேன். வருசத்துக்கு ஒரு நாளு, அதுங்களுக்கும் பொட்டு வேணாமா?"

"சக்கரத்தத் திருப்புனியா?"

"பொட்டு வைக்க எடம் பத்தல. லேசா திருப்புனேன். ஏங்க, நல்லாத்தான இருக்கு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "மச்சான், உன் தங்கச்சி இஞ்சினுக்கு நலங்கு வச்சிட்டாப்பா."

விஷயம் புரிந்ததும் பொன்னிக்குக் கண் கலங்கிவிட்டது. "கெட்டுப்போச்சாங்க?"

"கெடல. சுண்ணாம்பு நாம வச்சது. கம்பெனிக்காரன் வெட்டி வச்ச கோடு அடியில இருக்கும். அதக் கண்டுபுடிச்சாப் போதும்."

துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தோம். சந்தனம் போய் இரும்பு தெரிந்தது. மேல் சக்கரத்தில் கோடு கிடைத்தது. பம்புச் சக்கரத்திலும் கிடைத்தது. கீழ்ச் சக்கரத்தில் மட்டும் தலையை எப்படிச் சாய்த்தாலும் தெரியவில்லை. பொன்னி உள்ளே ஓடிப்போய் முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். மண்ணில் படுத்து, இடுக்கில் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்தாள்.

"தோ இருக்குங்க. நகம் பட்ட மாதிரி ஒரு கீத்து."

"அதான். அதேதான்" என்று அவர் சொன்னபோது குரல் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது.

சக்கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். தட்டுகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு வாங்கி, மறுபடி மெல்லக் கொண்டுவருவார். பலம் காட்டவே இல்லை. மூன்றும் நேருக்கு நேர் வந்ததும், கீழிருந்து தொடங்கிப் புதுப் பெல்ட்டைப் பல்லுக்குப் பல் உட்கார வைத்தார். தொய்வெல்லாம் ரோலர் பக்கம் வரும்படி இழுத்து, ரோலரை இறுக்கினார்.

நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சாவியைத் தொடவில்லை. ஸ்பேனரைப் போட்டு இரண்டு முழுச் சுற்றுக் கையாலேயே திருப்பினார். மேலே சரி, கீழே சரி. பம்பு மட்டும் ஒரு பல் தள்ளி நின்றது.

வெயில் சாய்ந்துவிட்டது. "ஒரு பல்லுதானங்க" என்றாள் பொன்னி.

"ஒரு பல்லு தப்புனா பொகையாக் கக்கும். மலை எப்படி ஏறும்? கொழந்த இருமும் பொன்னி."

அத்தனையையும் தளர்த்தி மறுபடி மாட்டினார். மறுபடி இரண்டு சுற்று. நான் வாய்க்குள் சிவசிவ என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். கோடு கோட்டின் எதிரே வந்து நின்றது. மூன்றும் நின்றன. எனக்குத் தேர் நிலைக்கு வந்த மாதிரி மயிர்க்கூச்செறிந்தது.

மூடியைப் போட்டு, முன்சக்கரத்தை மாட்டி, பேட்டரி ஒயரைக் கொடுத்து, சாவியைத் திருப்பினார். ஒருமுறை இருமியது. அடுத்த நொடி பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடியது. கருப்புப் புகை இல்லை. அவர் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். பொன்னி ஓசைப்படாமல் ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு போய்ச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றைக்கு விளக்கு வைக்கக் கொஞ்சம் தாமதம்தான். அம்மன் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் விடியற்காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. திரும்பி வந்தபோது பின்சீட்டில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பம் சொல்லிச் சொல்லியே அவருக்கு வேறு சவாரிகள் வந்தன. அதற்குப் பிறகு இஞ்சினில் எந்த வேலை வந்தாலும் வண்டியை அவரே வாசலில் போட்டுத் திறப்பார். அப்படித் திறக்கிற நாளில் மட்டும் அவர் முகத்துக்கு ஒரு தனிக் களை.

'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியெல்லாம் சாய்ந்தது. ஜனங்கள் கையில் காசில்லை, சவாரி அறவே குறைந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மஸ்கட்டில் டிரைவர் வேலை கிடைத்துக் கிளம்பினார். வழியனுப்பக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பிறகு போனில்தான் பேசுகிறோம், நேரில் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பஸ் நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"அங்க எல்லாம் கம்பெனி வண்டியாம் மச்சான். பானெட்டத் தொறந்தாலே திட்டுவானாம். கையி சும்மா கெடக்குமேன்னுதான் ரோசனையா இருக்கு."