கேமராவுக்கு அதிர்ந்தால்தான் தெரியும்

போன வாரம் ஒரு காலையில் என் லாரியின் முன்சக்கரம் ஒரு மூட்டை அரளிப்பூ மேல் ஏறி நின்றது. மூட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மொபெட் கிடந்தது. மொபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் கிடந்தார்.

பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும்? இப்போது உங்களுக்கு என்ன தோன்றியதோ, அதேதான்.

ஆனால் நான் இடிக்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டை ஏற்றி, சேலத்துக் கடைகளில் இறக்குகிறேன். சின்ன லாரி. ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான். அன்றைக்கு மல்லூர் தாண்டி, பனமரத்துப்பட்டி பிரிவில் இருந்து அந்த மொபெட் எனக்கு முன்னால் ஏறியது. பின் சீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பூ மூட்டை, மேலே ஈரத்துணி. சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி. கொஞ்ச தூரத்தில் மூட்டையைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து பின்சக்கரத்தில் சுற்றியது. மூட்டை ஒரு பக்கம் விழுந்தது, மொபெட் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம்.

நான் பிரேக் பிடித்தேன். முட்டை ஓட்டுகிறவன் பிடிக்கிற பிரேக். அதாவது, பிடித்தது லாரிக்கே தெரியாது. பின்னால் தட்டுத் தட்டாக முட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு சடாரென்று நிறுத்தினால் சேலம் போய் ஆம்லெட்தான் இறக்க வேண்டும். எத்தனையோ வருஷப் பழக்கம் இது. எதிரில் எமனே வந்து நின்றாலும் என் கால் பதமாகத்தான் அமுக்கும். எப்போதும் முன்னால் போகிறவருக்கு நிறைய இடம் விட்டுத்தான் போவேன். அதனால் மனிதருக்கு நன்றாகத் தள்ளியே வண்டி நின்றுவிட்டது. உருண்டு வந்த மூட்டை மட்டும் சக்கரத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டது.

நான் இறங்கி ஓடுவதற்குள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். லாரி இடித்துவிட்டது என்றார் ஒருவர். முட்டை வண்டிக்காரர்களுக்கு எப்போதும் அவசரம் என்றார் இன்னொருவர். சக்கரத்தில் ஒட்டியிருந்த பூவை ஒருவர் எல்லோருக்கும் காட்டினார்.

நான் என்ன சொன்னேன்?

ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். இன்றைக்கு நேற்றல்ல, பள்ளிக்கூடத்தில் இருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடம் என்றால்... அதுவும் அஞ்சாவது வரைக்கும்தான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசச் சொல்லாதீர்கள்.

விழுந்தவரின் பெயர் பழனியப்பன். அவரை லாரியிலேயே ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தோள் எலும்பு விரிசல், தலையில் அடி. என்ன நடந்தது என்று அவருக்கே நினைவில்லை. மகள் கோமதி வந்ததும் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வெயிலில் முட்டை நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கோமதியிடம் இருந்து போன்.

"எங்கப்பாவ இடிச்சுத் தள்ளீட்டு, நல்லவராட்டம் கொண்டாந்து சேர்த்துட்டு நைசா போயிட்டீங்க. ரோட்டுல நின்னவிய எல்லாஞ் சொல்லீட்டாங்க. நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறோம். அங்க வந்து பேசிக்குங்க."

அங்கே வந்து பேசிக்கொள்வதா? யார், நானா?

கேஸ் ஆனால் என்ன ஆகும் என்று லாரி வைத்திருக்கிற யாரையும் கேளுங்கள். வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். லைசென்ஸ் கையை விட்டுப் போகும். அதற்கெல்லாம் கூட ஒரு வழி உண்டு. ஆளை இடித்தவன் என்ற பேருக்கு? அந்தப் பேரோடு இந்த ரோட்டில் தினமும் போய் வர வேண்டுமே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி சரசுவுக்குத்தான் நினைவு வந்தது. "ஏனுங்க, வண்டியில கேமரா இருக்குதுல்ல?"

இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே, தீப்பெட்டி மாதிரி. சங்ககிரியில் லாரிகளுக்கு லைட், ஹாரன் எல்லாம் மாட்டுகிற காதர் பாய் கடையில் மாட்டியது. அன்றைக்கே பாய் எனக்கு விளக்கமாகச் சொன்னார். இந்தக் கேமரா படத்தைத் துண்டு துண்டாக எடுத்து உள்ளே இருக்கிற கார்டில் அடுக்கும். முட்டைத் தட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு நிறைந்துவிட்டால் என்ன செய்யும்? முதலில் வைத்த முட்டையை எடுத்து எறிந்துவிட்டு அந்தக் குழியில் புதிய முட்டையை வைக்கும். அப்புறம் அடுத்த குழி. இப்படியே சுற்றிச் சுற்றி வரும். என் கார்டு சின்னது. ஏறக்குறைய ஒரு பகல் பொழுதுதான் அதில் நிற்கும்.

அப்படியானால் முக்கியமானது அழிந்துவிடாதா? அதற்கும் வழி உண்டு. வண்டி எங்கேயாவது மோதி அதிர்ந்தால், அந்தத் துண்டுக்குக் கேமராவே பூட்டுப் போட்டுவிடும். பூட்டியதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளும், அழிக்காது. நாமாகவும் பூட்டலாம், ஒரு பட்டன் இருக்கிறது. ஏதாவது நடந்தால் மறக்காமல் அதை அமுக்கச் சொல்லியிருந்தார் பாய்.

ஏதாவது நடந்தால் மனிதன் கதவைத் திறந்துகொண்டு ஓடுவானா... பட்டனைத் தேடுவானா?

லாரியில் ஏறி உட்கார்ந்து போனில் கேமராவைத் திறந்து, பூட்டிய படங்களைப் பார்த்தேன். நிறைய இருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாம் முருகேசன். பண்ணையில் எனக்கு முட்டை ஏற்றிக் கொடுக்கிறவர். ஏற்றி முடித்ததும் லாரிக் கதவை ஓங்கி ஓர் அறை அறைவார். அந்த அறையில் லாரியே குலுங்கும். கேமரா பதறிப்போய் ஒவ்வோர் அறையையும் பெரிய விபத்து என்று பூட்டி வைத்திருந்தது.

பழனியப்பன் விழுந்தது அதில் இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் அதிராமல் நிறுத்தினேனே.

காதர் பாய்க்குப் போன் போட்டேன். பூட்டாத படங்களில் இருக்கலாம், கவலைப்பட வேண்டாம் என்றார். இஞ்சின் ஆஃபில்தானே இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். கேமராவில் சிவப்புப் புள்ளி மினுக்குகிறதா என்று கேட்டார்.

மினுக்கியது.

பாய் அவசரமாகச் சொன்னார். "அப்ப அது இன்னும் ஓடுதுண்ணே. நிமிஷத்துக்கு நிமிஷம் காலையில எடுத்தத அழிச்சுட்டே வருது. கார்ட அப்படியே புடுங்கிராதீங்க, படம் கெட்டுப்போகும். மொதல்ல கரண்ட நிறுத்துங்க."

"எங்கீங்க பாய் நிறுத்தறது?"

பாய் குரலை இறக்கினார். "அத நான் எப்படிண்ணே சொல்றது... கடைப் பையன் கேமரா லைன சாமி லைட்டுல இருந்து எடுத்துட்டான்."

லாரிக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டேஷ்போர்டில் ஆஞ்சநேயர் படம். அதற்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அது நேராக பேட்டரியில் இருந்து எரியும். வண்டி எடுத்த அன்றைக்குப் போட்டது, நான் அணைத்ததே இல்லை. இஞ்சின் நின்றாலும் அது எரியும். கேமரா மாட்டிய பையன் கைக்குக் கிடைத்த லைன் என்று அதிலேயே கோத்துவிட்டான். அதனால் என் கேமரா நிற்பதே இல்லை. ராத்திரி முழுக்க எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரைப் படம் பிடித்திருக்கிறது! இப்போதும் அந்தச் சுவருக்காக என் காலையை அழித்துக்கொண்டிருந்தது.

சாமி லைட் ஸ்விட்சில் விரலை வைத்தேன். அமுக்க மனம் வரவில்லை. கேஸ் வருகிற நேரத்திலா சாமியை இருட்டில் வைப்பது? சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் தெரியும்.

கீழே நின்ற சரசு பார்த்துக்கொண்டே இருந்தாள். "இருட்டுனா ஆஞ்சநேயருக்குக் கண்ணு தெரியாமப் போயிருமா? அணைங்க."

கும்பிட்டுவிட்டு அணைத்தேன். சிவப்பு பல்பும் சிவப்புப் புள்ளியும் சேர்ந்து அணைந்தன.

கார்டை எடுத்து சரசுவின் போனில் போட்டோம். போன் எதையாவது அழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும்படி பாய் சொல்லியிருந்தார். கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்றோம். கார்டில் மிச்சம் இருந்ததிலேயே பழைய படம், மல்லூரில் நான் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறுவது. அதற்கு அடுத்த துண்டில் பூ மூட்டை வந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் சாமியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அதுவும் அழிந்திருக்கும்.

படம் பளிச்சென்று இருந்தது. லாரி தள்ளி நிற்பது நன்றாகவே தெரிந்தது. சரசு நிம்மதியாக மூச்சு விட்டாள். நான் விடவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தில் சத்தமும் இருந்தது.

வெளியில் பேசாதவன் எங்கேயாவது பேசித்தானே ஆக வேண்டும்? நான் லாரிக்குள் பேசுவேன். தனியாக, வாய்விட்டு, ஊர் போய்ச் சேரும் வரை. இது போன வாரம் வரை சரசுவுக்கே தெரியாது. இப்போது நீங்களும் தெரிந்துகொண்டீர்கள்.

மறுநாள் காலையில், கோமதி ஸ்டேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். கட்டிலில் பழனியப்பன், கையில் தூளிக்கட்டு. கோமதியும் சொந்தக்காரர்கள் சிலரும் சுற்றி நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சரசு போனை கோமதியின் கையில் கொடுத்துவிட்டாள்.

வார்டு முழுக்க என் குரல் கேட்டது.

முதலில் முருகேசனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் இல்லாத முருகேசனை. "இன்னொருக்கா கதவ அறஞ்சீன்னா பாரு முருகேசா." கொஞ்ச நேரம் கழித்து, "கதவ அறையாத முருகேசா." மறுபடியும், "முருகேசா, கதவ மட்டும் கொஞ்சம் மெதுவா..." நேரில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு குரல் மாறியது.

"சாமி... மூட்டை சாயுதுங்க... கயிறு அவுந்துருச்சுங்க சாமி. கொஞ்சம் ஓரங்கட்டுங்க... அக்கட்ட நிறுத்துங்க சாமி... வுழுந்துருவீங்க..."

விழுந்தார்.

கோமதி திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். லாரி நிற்கிற இடத்தில் நிறுத்தி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

பழனியப்பன் பார்க்கவில்லை. காதில் வைத்துக் கேட்டார். "இவ்வளவு நேரம் எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்திருக்கீங்க. எனக்குக் கேக்காமப் போச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாமுங்களே சாமி?"

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் பதில் சொல்ல முடிந்தது. "சங்கடமா இருந்துச்சுங்க."

பழனியப்பன் சிரித்தார். சிரித்ததும் தோள் வலித்து முகம் சுளித்தார். சுளித்துக்கொண்டே சிரித்தார். கோமதிதான் சிரிக்கவில்லை. "ஹாரன் அடிக்க வெக்கப்படற லாரிக்காரர இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. நாங்கள் கிளம்பும்போது, "டீ குடிச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். குடித்தோம்.

திரும்பி வரும்போது ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தேன். கேமராவைக் குறை சொல்லி என்ன செய்வது? நாமும் அதே மாதிரிதானே. ஓங்கி அறைந்ததை எல்லாம் பூட்டி வைத்துக்கொள்கிறோம். கல்யாணமான புதிதில் நான் ஒரு கதவை வேகமாகச் சாத்தினேனாம். சரசு தேதியோடு சொல்வாள். மெதுவாக நடந்த நல்லது கெட்டது எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகிறது, அந்த இடத்தில் கொட்டகைச் சுவர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முக்கியமானது எது என்று அதிர்ச்சிக்குத் தெரியாது. பட்டனை அமுக்க ஓர் ஆள் வேண்டும்.

பாய் இப்போது கேமராவுக்குத் தனி லைன் போட்டுக் கொடுத்துவிட்டார். சாமி லைட் திரும்ப எரிகிறது. முருகேசனிடமும் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்ணா?" அவ்வளவுதான். அன்றைக்குக் கதவைப் பூப்போலச் சாத்தினார். இத்தனை வருஷ ஒத்திகைக்கு, நேரில் தேவைப்பட்டது ஒரே வரி.

இந்த வாரம் மல்லூர் ரோட்டில், பின்னால் ஒரு முட்டை லாரி ஹாரன் அடிப்பதைக் கேட்டு எரிச்சலோடு திரும்பிப் பார்த்தவர்களுக்கு... எனக்கு ஓர் அவசரமும் இல்லை. உங்கள் மூட்டை சாய்ந்திருந்தது.