அவர் குரல், என் பேரு

விமானம் பறக்கிறதைப் பார்த்துத்தான் ஊரே வாயைப் பிளக்குது; எங்களுக்கு உயிர் போறதெல்லாம் அது தரையில உருளும்போதுதான். கோபுரத்துல உட்கார்ந்து, எந்த விமானம் எந்தப் பாதையில போகணும், எங்க நிக்கணும்னு மைக்ல சொல்றது என் வேலை. மேலதிகாரிங்கிற பிராணிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்றேன். உங்க வயிறும் சேர்ந்து எரியட்டும்.

ரிவர்ஸ் போகாத வண்டி

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவுல சுவா பக்கத்துல, பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். இப்போ சிரம்பான்ல வீடு. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனா வருஷா வருஷம் ஒரே கேள்விதான்: "ரெண்டு குச்சியை வச்சுக்கிட்டு ஆட்டுவாங்களே, அந்த வேலையாம்மா?" இந்தத் தடவை என் பெரியப்பா மகன் முருகேசு அண்ணன்கிட்ட பொறுமையா விளக்கினேன். அவர் தோட்டத்துல பழக்குலை ஏத்துற லோரி ஓட்டுறவர். "செம்மண் ரோட்ல ரெண்டு லோரி எதிரும் புதிருமா வந்தா யாராவது ஒருத்தர் பின்னால எடுப்பீங்கள்ல? பெரிய விமானம் தானாப் பின்னால போகாதுண்ணே. இழுவை வண்டி வந்தாத்தான் உண்டு. அதனால ஒரே பாதையில ரெண்டை எதிரெதிரா விடவே கூடாது. அதைப் பார்த்துக்கிறதுதான் என் வேலை."

அண்ணன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டார்: "ரிவர்ஸ் போகாத வண்டியை எந்த மடையன்லா காசு கொடுத்து வாங்கினான்?"

பின்னாலிருந்து வந்த கை

எங்க கோபுரத்துல ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு உட்காரும்போது அந்த மேசையை நம்ம பேர்ல பதிஞ்சுக்கணும். எழுந்திரிக்கிற வரைக்கும் அங்கிருந்து போற ஒவ்வொரு வார்த்தைக்கும் நாமதான் பொறுப்பு.

அன்னைக்குக் காலையில மேசை என் பேர்ல. கிளம்பப் போற பெரிய விமானம் ஒண்ணை நடுப்பாதையில விட்டிருந்தேன். இறங்கி வந்த இன்னொரு பெரிய விமானத்தை எதிர் முனையில நிக்கச் சொல்லியிருந்தேன். அதோட கேப்டனுக்குப் பொறுக்கல. இன்னும் எவ்வளவு நேரம் நிக்கிறதுன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடிச்சது. நான் போன்ல பேசிட்டிருக்கேன், எங்க சூப்பர்வைசர் தேவராஜ் என் பின்னாலயே நிக்கிறார். என் தோளுக்கு மேல கையை நீட்டி, மைக் பொத்தானை அமுக்கி, நின்னுக்கிட்டிருந்த விமானத்தை "நேரா வாங்க"ன்னுட்டார்! ஜன்னல் பக்கம் ஒரு பார்வை கூடக் கிடையாது.

போனை வச்சிட்டுத் தலையைத் தூக்கினா ரெண்டும் ஒரே பாதையில மூக்குக்கு மூக்கா வருது. ரெண்டையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ரெண்டும் இனி நகர முடியாது.

தேவராஜ் என் தோளைத் தட்டினார்: "பதறாதே தங்கச்சி, சமாளி. நான் பசியாறிட்டு வந்துடறேன்."

ஏச்சு வாங்கினது

இழுவை வண்டி வந்து ஒண்ணை இழுத்துட்டுப் போற வரைக்கும் ரெண்டு விமானத்து ஜனங்களும் உள்ளயே வெந்துக்கிட்டிருந்தாங்க. தேவராஜ் கீழே ரொட்டி சானாய் பிச்சுத் தின்னுட்டிருந்தார். எல்லா ஏச்சும் எனக்கு. இறங்கி வந்து மாட்டின கேப்டன் கடைசியில கேட்டார்: "என்னை நேரா வரச் சொன்னாரே ஒருத்தர், அவர் எங்கே? அவரைக் கூப்பிடுங்க."

அது வேற ஃபைல்

என் உரிமத்தை நிறுத்தி வச்சுட்டாங்க. உரிமம் இல்லேன்னா நான் கோபுரத்துல ஏறி வேடிக்கைதான் பார்க்கலாம். அதுக்காக நான் படிச்ச படிப்பு, முழிச்ச ராத்திரி எல்லாம் குப்பைக்குத்தான். விசாரணைக்கு முந்தின நாள் தேவராஜ் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "நீதான் உதவி கேட்டேன்னு சொல்லிடு தங்கச்சி, சீக்கிரம் முடிஞ்சிடும்." முடியாதுன்னுட்டேன்.

விசாரணையில ஒலிப்பதிவைப் போட்டாங்க. சந்தேகமே இல்ல, அவரோட கட்டைக் குரல். அப்பாடான்னு மூச்சு விட்டேன். அவசரப்பட்டுட்டேன். "பிள்ளை தடுமாறிச்சு, உதவி பண்ணினேன்"னு அந்த மனுஷன் கூசாம சொல்றார். தடுமாறினேனாம்! அதிகாரி என் பக்கம் திரும்பி, "மேசை உங்க பேர்லதானே? அடுத்தவரை ஏன் அதுல கை வைக்க விட்டீங்க?"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "மேலதிகாரி கையைத் தட்டி விட்டிருந்தா அதுக்கும் என்னை விசாரிச்சிருப்பீங்களே?"ன்னு கேட்டுட்டேன்.

அதிகாரி நிதானமாச் சொன்னார்: "அது வேற ஃபைல்மா."

தோட்டத்துத் தீர்ப்பு

அதுக்குள்ள, நான் ரெண்டு விமானத்தை மோத விட்டுட்டேன்னு தோட்டம் முழுக்கப் பேச்சு. விசாரிக்கிற சாக்குல எத்தனை போன்! முருகேசு அண்ணன் மட்டும்தான் நடந்ததை முழுசாக் கேட்டார். கேட்டு முடிச்சிட்டுச் சொன்னார்: "அந்தாளு வீடு எங்கன்னு மட்டும் சொல்லு பாப்பா, லோரியை வாசலை மறிச்சு நிப்பாட்டிட்டுச் சாவியைத் தொலைச்சிடறேன்."

மறுபயிற்சி

தீர்ப்பு வந்துச்சு. நான் மறுபயிற்சி எடுக்கணும். பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டாத்தான் உரிமம். பயிற்சியாளர் யாருன்னு நினைக்கிறீங்க? அதே தேவராஜ்! வேற ஆள் இல்லையாம். கார்ல உட்கார்ந்து அழுதேன். அத்தனையும் ஆத்திரத்துல வந்த அழுகை.

ஆனா ஒண்ணை யாரும் யோசிக்கல, நான் உட்பட. பயிற்சி நடக்கும்போது மேசை பயிற்சியாளர் பேர்லதான் பதிவாகும். பேசறது நான், பதில் சொல்ல வேண்டியது அவர். முதல் நாள் தன் பேரைப் பதியும்போதே மனுஷன் முகத்துல ஈயாடல. என் பக்கத்துல உட்கார்ந்து கழுத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

இறங்கி வந்த பெரிய விமானம் ஒண்ணை முனையில நிறுத்தி வச்சிருந்தேன். அந்தக் கேப்டனும் முணுமுணுக்க ஆரம்பிச்சார். நான் பொத்தான்ல இருந்து கையை எடுத்துட்டு, "பாவம், நேரா வரச் சொல்லிடலாமா போஸ்?"னு கேட்டேன். தேவராஜ் துள்ளி எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஐயோ, வேணாம்லா! அங்கயே நிக்கட்டும்! மேசை என் பேர்ல இருக்கு!"

அந்த வாரமே ஆளை விட்டாப் போதும்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார், மன்னிப்பு மட்டும் யாரோட ஃபைல்லயும் இன்னும் வரல.