பூ பார்டர் போட்ட தலைப்பு

போன வாரம் திருவொற்றியூரிலிருந்து தனசேகர் போன் செய்தான். பள்ளித் தோழன். பார்வை போன பிறகு டெலிபோன் ஆபரேட்டர் கோர்ஸ் முடித்தவன். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போய் வந்திருந்தான்.

"மச்சி, ரிசல்ட்டு நெட்டுல வந்துக்கீது. என் பேரு கீதுடா!"

"சூப்பர்டா!"

"இருடா... பேரு கீது. எதுல கீதுன்னுதான் தெரியல."

விஷயம் இதுதான். ஸ்கிரீனில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் சாஃப்ட்வேர் அவன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எழுத்து என்றால் கடகடவென்று படித்துவிடும். அந்த வெப்சைட்டிலோ தேறியவர்களுக்கு ஒரு பட்டியல், தேறாதவர்களுக்கு ஒரு பட்டியல். இரண்டின் தலைப்பும் எழுத்தில் இல்லை — படம்! படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அதன் பின்னால், கண்ணுக்குத் தெரியாதபடி, ஒரு வார்த்தை டைப் அடித்து வைத்திருந்தால், சாஃப்ட்வேர் அதைப் படித்திருக்கும். வைக்கவில்லை. அது "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகப் பெயர்களுக்குத் தாவிவிடுகிறது.

உடனே கிளம்பிப் போனேன். அவன் மனைவி மல்லிகாவுக்கு இங்கிலீஷ் வராது. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சுத்தியும் பூ போட்டு, தங்க கலர்ல எழுதிக்கீதுண்ணே. நல்ல சேதிதானே?"

எங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாண வாழ்த்துக்கும் பூ பார்டர்தான், கண்ணீர் அஞ்சலிக்கும் பூ பார்டர்தான்!

ஸ்கிரீனைப் பார்த்தேன். தனசேகர் பெயர் இருந்த பட்டியலுக்கு மேலே, ரோஜாப்பூக்களுக்கு நடுவே, தங்க எழுத்தில், 'நாட் செலக்டட்'.

எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமினேன்.

"வுடு மச்சி, புரிஞ்சிடுச்சு" என்றான். மல்லிகா உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கம்பெனிக்கு போன் போட்டேன். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பேசினார். "வெறும் எழுத்துன்னா டல்லா இருக்கும் சார். படம்னாதான் லுக்கு!"

லுக்கா? அதைத்தானே ஐயா அவனால் பார்க்க முடியாது! பூ வேண்டாமென்று யார் சொன்னது? பூவும் இருக்கட்டும், பின்னால் அந்த ஒரு வார்த்தையும் இருக்கட்டும். எடுத்துச் சொன்னதும், "ஓ... இது தோணவே இல்ல சார், சேர்த்துடறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தெருமுனை வரை வழியனுப்ப வந்த தனசேகர், என் தோளில் கை வைத்துச் சொன்னான்:

"வேல கெடைக்கலன்றதுகூட ஓகே மச்சி. எனக்குக் கெடைக்கலன்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிச்சு பாரு... அதான் பேஜாரா கீது."